தட்டில் இருப்பதும் போனில் வருவதும்

வேலூர்ப் பக்கம் இசைத்தட்டு என்று பேச்செடுத்தால் இரண்டு தரப்பினர் உடனே வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஒரு தரப்பு அறுபதைத் தாண்டியவர்கள். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். இன்னொரு தரப்பு காட்பாடியில் படிக்கும் பிள்ளைகள், சத்துவாச்சாரியில் வாடகைக்கு வீடெடுத்து லேப்டாப்பில் வேலை பார்க்கும் இளைஞர்கள். சூட்கேஸ் போல மூடித் திறக்கும் சின்ன ரிக்கார்டு பிளேயர் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிட்டுத் தட்டு தேடி அலைகிறார்கள். வயதில் நாற்பது வருஷம் வித்தியாசம் இருந்தாலும் இரு தரப்பும் சொல்வது ஒன்றுதான்: "தட்டுல கேக்குற மாதிரி போன்ல வராதுங்க."

இதில் எவ்வளவு உண்மை என்று பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டு நல்லதா, டிஜிட்டல் நல்லதா என்று சண்டை போடுவதற்கு முன்னால், நாம் கேட்கும் பிரதி எந்த மூலத்திலிருந்து, யார் யார் கைபட்டு நம் காதுக்கு வந்தது என்று கேட்க வேண்டும். பழைய தமிழ்ப் பாட்டு விஷயத்தில் பாதி பதில் அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

முதலில் நம்ம ஊர்க் கதை. மேல்நாடுகளில் இசைத்தட்டு வீட்டுச் சாமான். சம்பளம் வாங்கிய பையன் கடைக்குப் போய் ஒரு தட்டு வாங்கி வந்து தன் அறையில் போட்டுக் கேட்டான். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் அப்படி இல்லை. வக்கீல் வீடு, தோல் மண்டிக்காரர் வீடு, பெரிய ஜவுளிக்கடைக்காரர் வீடு என்று சொந்தமாகக் கிராமபோன் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லாருக்கும் தட்டு என்பது சவுண்ட் சர்வீஸ்காரரின் சொத்து. ஆடி மாசம் கூழ் ஊற்றும்போதும், வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின்போதும், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று எந்த விசேஷமானாலும், மரத்திலோ கம்பத்திலோ குழாய் கட்டி விடியற்காலையில் பிள்ளையார் பாட்டோடு ஆரம்பிப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் போனால் நாகூர் ஹனிபாவின் குரல். அப்புறம் இலங்கை வானொலி இருந்தது. அங்கே சுழன்ற தட்டுகளைத்தான் இங்கே வால்வு ரேடியோவிலும் டிரான்சிஸ்டரிலும் கேட்டோம்.

ஆகவே இன்றைக்குத் தட்டு வாங்குகிற நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து, "பழசுக்குத் திரும்புகிறார்கள்" என்று சொல்வது அவ்வளவு பொருத்தமில்லை. அவர்களில் பெரும்பாலானவர்களின் வீட்டில் மூன்று தலைமுறையில் முதல் தடவையாக இப்போதுதான் ஒரு இசைத்தட்டு நுழைகிறது.

சவுண்ட் சர்வீஸ் தட்டுகள் இப்போதும் அங்கங்கே கிடைக்கின்றன. உறையிலும் நடு லேபிளிலும் ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்கும்: கடைப் பெயர், ஊர், கீழே 'வ.ஆ. மாவட்டம்'. 1989-இல் அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, 2019-இல் வேலூர் மறுபடியும் மூன்றாகி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகிவிட்டன. ஸ்டாம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. லேபிளில் பேனாவால் ஒரு வரிசை எண், சில சமயம் நல்ல பாட்டு இருக்கும் பக்கத்துக்கு ஒரு டிக். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கறுப்பு மினுமினுப்புக்குப் பதில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். தேய்ந்த முள்ளை வைத்து ஓட்டியதில் தடத்தின் சுவர் அரைபட்டுப்போன அடையாளம் அது. அந்தச் சாம்பல் நிறம் ஏறிய தட்டை எவ்வளவு கழுவினாலும் இரைச்சல் போகாது. வாங்குகிறவர்கள் கீறலைத்தான் தேடுகிறார்கள், இதைக் கவனிப்பதில்லை. ஒரு கீறல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டப்' என்று அடிக்கும், அவ்வளவுதான். தேய்மானம் பாட்டு முழுவதையும் தின்றுவிடும்.

பழைய தட்டுகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று அரக்குத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று. கனமானது, கீழே விழுந்தால் அப்பளம்தான். அதற்கான அரக்கு உலகம் முழுக்க நம் நாட்டிலிருந்துதான் பெரும்பாலும் போனது. 1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிப் பதிவானவை ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலில் போய்த் தட்டாகித் திரும்பி வந்தன. 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சடிக்கும் ஆலை வந்துவிட்டது. பத்து அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கொஞ்சம் கூடப் போகலாம். கச்சேரியில் ஒரு மணி நேரம் விரிகிற ராகத்தை வித்வான்கள் அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடக்கினார்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது இந்தக் குறுகிய இடத்துக்குள்தான். சினிமாப் பாட்டு மூன்று நான்கு நிமிஷத்தில் முடிவதற்கும் இதுவே முக்கியக் காரணம். பாட்டின் நீளத்தை இசையமைப்பாளருக்கு முன்பே தட்டு தீர்மானித்துவிட்டது.

இரண்டாவது சாதிதான் இன்றைக்கு எல்லாரும் பேசும் வினைல், அதாவது பி.வி.சி. பிளாஸ்டிக். 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி.யைக் கொண்டுவந்தது. மறு வருஷமே ஆர்.சி.ஏ. விக்டர் ஏழு அங்குல 45 சுற்றுத் தட்டை இறக்கியது. பன்னிரண்டு அங்குல எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிஷம். நம் ஊரில் சினிமாப் பாட்டுக்கு ஏழு அங்குல ஈ.பி.தான் அதிகம் புழங்கியது. எண்பதுகளில் கேசட் வந்து இரண்டையும் ஓரங்கட்டியது. காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே மூர் மார்க்கெட், அங்கே பழைய தட்டு கிடைக்கும் என்ற வசதியும் 1985-இல் அந்தக் கட்டடம் தீப்பிடித்ததோடு போயிற்று.

சரி, ஒலிக்கு வருவோம். வினைல் தட்டில் இருப்பது ஒரே ஒரு தடம். வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே லேபிள் வரை சுற்றிச் சுற்றிப் போகிறது. அகலம் தலைமுடிப் பருமனுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஒரு பக்கத்துத் தடத்தை நீட்டிப் போட்டால் அரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறையும். அதன் இரு சுவர்களின் நெளிவுதான் பாட்டு. வலது காதுக்கு ஒரு சுவர், இடது காதுக்கு மற்றொன்று. முள் அந்த நெளிவில் ஆடுகிறது, அந்த ஆட்டம் முள்ளைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜுக்குள் மின்சாரமாக மாறுகிறது. நடுவில் கணக்கோ எண்ணோ கிடையாது.

ஆனால் அந்தத் தடத்துக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கனத்த அடித்தொனி தடத்தை மிகவும் அகலமாக நெளியவைக்கும். அப்படியே வெட்டினால் ஒரு பக்கத்தில் அரைவாசிப் பாட்டுக்குக்கூட இடம் போதாது. அதனால் வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்து, உச்சத்தொனியைக் கூட்டி விடுவார்கள். ஓட்டும்போது ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஃபோனோ பகுதி அதை நேர்மாறாகத் திருப்பிச் சரிசெய்யும். 1950-களின் நடுவில் இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்ற பொது அளவு வந்தது. ஃபோனோ பகுதி இல்லாத ஆம்ப்ளிஃபயரில் தட்டை இணைத்தால் பாட்டு தகர டப்பாவில் கேட்பது போல ஒலிப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சங்கதி. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளிச்சுற்றில் முள்ளுக்கு அடியில் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது இருபது சென்டிமீட்டர் சொச்சமாகச் சுருங்கிவிடும். அதே பாட்டை அரைவாசிக்கும் குறைவான இடத்தில் எழுத வேண்டிய நிலை. எல்.பி.யின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ச' எழுத்துகள் சீறுவதையும், தாளத்தட்டு கரகரப்பதையும் கவனித்துப் பாருங்கள். தட்டு பழையதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். புதுத் தட்டிலும் அது இருக்கும்.

டிஜிட்டல் பக்கம் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 1982-இல் பிலிப்ஸும் சோனியும் கொண்டுவந்த சி.டி. ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறது. டிஜிட்டல் ஒலி படிக்கட்டு படிக்கட்டாக வெட்டுப்பட்டது, தட்டில்தான் முழு வளைவும் இருக்கிறது என்று பலரும் இன்னமும் சொல்கிறார்கள். அது தவறு. அளந்த புள்ளிகள் போதுமான நெருக்கத்தில் இருந்தால், அளக்கும் வேகத்தின் பாதி அதிர்வெண்வரை மூல அலையை மிச்சமில்லாமல் திரும்ப வரைந்துவிடலாம் என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட விஷயம். 44,100-இல் பாதி 22,050. மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ், அதுவும் சின்ன வயதில். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளியை எடுத்துக்கொண்டாலும் சி.டி.க்கு 96 டெசிபல், நல்ல வினைல் தட்டுக்கு 60, 70. அளவுகோலை எடுத்து நின்றால் தட்டு தோற்றுவிடும். இதை மறைத்துவிட்டுத் தட்டின் பெருமை பேசுவது எனக்குப் பிடிக்காது.

எம்.பி.3 வேறு கதை. சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட் ஓடுகிறது, ஆரம்ப கால எம்.பி.3-யில் 128. மூளை எப்படியும் கவனிக்காது என்று கணித்த ஒலிகளைக் கழித்துத்தான் அவ்வளவு சுருக்கம் கிடைத்தது. கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒருதடவை சுருக்கியதை மறுபடி சுருக்கி, வாட்ஸப்பில் அனுப்பி, அங்கிருந்து இன்னொருவர் வீடியோவாக ஏற்றி என்று போகும்போது பாட்டின் ஓரங்கள் நைந்துபோகின்றன. போனில் கேட்கும் பாட்டு சப்பென்று இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதில் இந்தக் கை மாறி கை மாறிய பிரதிகளின் பங்கு பெரியது. ஆப்பிள் 2021-இலிருந்து ஒலியில் எதையும் கழிக்காத தரத்திலேயே பாட்டுகளைத் தருகிறது, வேறு சில செயலிகளும் அப்படித் தருகின்றன. ஆகவே கோப்பின் தரம் இனி பெரிய தடையில்லை.

அப்படியானால் தட்டில் கேட்பது நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு மனப்பிரமையா? இல்லை. காதில் விழுவது நிஜம், அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் மாற வேண்டும்.

முதல் காரணம், மாஸ்டரிங், அதாவது பதிவான பாட்டை வெளியிடுமுன் ஒலியளவைச் சரிசெய்யும் கடைசி வேலை. தொண்ணூறுகளிலிருந்து சி.டி.களை ஒன்றைவிட ஒன்று சத்தமாகத் தயாரிக்கும் போட்டி வந்தது. மெல்லிய இடத்தைத் தூக்கி, உச்சத்தை நசுக்கி, பாட்டு முழுக்க ஒரே மட்டத்தில் கத்தும்படி செய்தார்கள். தட்டில் எவ்வளவு சத்தமாக வெட்டலாம் என்பதற்குத் தடமே எல்லை போட்டுவிடும், நசுக்கிப் பெரிய பயனில்லை. அதனால் அதே பாட்டின் வினைல் பிரதிக்குச் சில சமயம் தனியாக, நிதானமாக மாஸ்டரிங் செய்வார்கள். அங்கே மிருதங்கத்தின் ஒரு சாப்பு மற்ற ஒலிகளிலிருந்து துருத்திக்கொண்டு கேட்கும். கேட்கிறவர் பிளாஸ்டிக்கைப் பாராட்டுகிறார், பாராட்டு போய்ச் சேர வேண்டியது அதைத் தயாரித்தவருக்கு. அந்த நிதானமான மாஸ்டரிங்கை சி.டி.யில் பதிந்திருந்தால் இன்னும் தெளிவாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது காரணம்தான் தமிழ்ப் பாட்டுக்கு மிக முக்கியமானது. ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகள் பலவற்றின் மூல நாடா என்ன நிலையில் இருக்கிறது என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும். சிலவற்றுக்கு நாடா நன்றாக இருக்கிறது. சிலவற்றின் டிஜிட்டல் பிரதியே யாரோ வைத்திருந்த தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுத்ததுதான். எடுத்தவர் இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை ஓட்டியிருப்பார். இரைச்சலோடு சேர்ந்து பாடகர் மூச்சிழுக்கும் ஒலி, ஜால்ராவின் நீட்சி, வயலின் வில்லின் உரசல் எல்லாம் போய்விடும். இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைத் தந்த மோனோ பாட்டை ஸ்டீரியோ ஆக்குகிறேன் என்று எதிரொலி சேர்த்திருப்பார்கள். வேகம் கொஞ்சம் பிசகியதில் சுருதி ஏறியிருக்கும் அல்லது இறங்கியிருக்கும். படத்தில் வந்த பாட்டும் தட்டில் வந்த பாட்டும் எல்லா நேரமும் ஒன்றல்ல. ஒன்றில் ஒரு சரணம் கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் இடையிசை குறைந்திருக்கும். செயலியில் அவற்றில் எது ஏறியிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பாட்டு எழுதியவர் பெயரே பல பாட்டுக்கு இருப்பதில்லை. தட்டின் லேபிளில் படப் பெயர், பாடியவர், இசை, பெரும்பாலும் பாடலாசிரியர், நிறுவனத்தின் வரிசை எண் எல்லாம் வட்டமாக அச்சடித்திருக்கும்.

அதாவது அந்தக் காலத்துப் பாட்டு எந்த உருவில் வெளியானதோ அந்த உருவுக்கு மிக நெருக்கமான சாட்சி, பல சமயம், தேயாத ஒரு தட்டுதான். வினைலுக்கு மந்திர சக்தி எதுவும் தேவையில்லை. இடையில் யாரும் கைவைக்காத பிரதி என்ற ஒரு தகுதியே போதும். புதிதாகப் பதிவாகும் பாட்டுக்கு இந்த வாதம் செல்லாது. கணினியிலேயே பிறந்த பாட்டைத் தட்டில் வெட்டினால் அந்தத் தட்டும் டிஜிட்டல் மூலத்தின் நகல்தான். முழுக்க முழுக்க அனலாக், அதாவது ஒலியை எண்ணாக மாற்றாத முறை என்று பேர்வாங்கிய அமெரிக்க நிறுவனம் மொபைல் ஃபிடெலிட்டி. அதன் பல தட்டுகளிலும் நடுவே டிஜிட்டல் படி ஒன்று இருந்தது 2022-இல் வெளியே தெரிந்தபோது, அதுவரை அவற்றின் ஒலியைப் புகழ்ந்துகொண்டிருந்த ரசிகர்கள் திகைத்துப்போனார்கள். அத்தனை நாள் யார் காதும் அந்தப் படியைக் கண்டுபிடிக்கவில்லை.

மூன்றாவது காரணம் கேட்கும் விதம். தட்டை உறையிலிருந்து ஓரம் பிடித்து எடுத்து, தூசி துடைத்து, முள்ளை இறக்கிவிட்டால் இருபது நிமிஷத்துக்கு அந்தப் பக்கம் நம்மைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அடுத்த பாட்டுக்குத் தாவ எழுந்துபோக வேண்டும், அதற்குச் சோம்பல்பட்டே பிடிக்காத பாட்டையும் கேட்டுவிடுகிறோம். அப்படிக் கேட்டதில் பிடித்துப்போன பாட்டு எனக்கு நிறைய உண்டு. அமெரிக்காவில் 2020-இல் வினைல் விற்பனையின் பணமதிப்பு 1986-க்குப் பிறகு முதல் தடவையாக சி.டி.யைத் தாண்டியது. 2022-இல் எண்ணிக்கையிலும் தாண்டி 4 கோடியே 10 லட்சம் தட்டுகள் விற்றன. எல்லாப் பாட்டும் போனில் கிடைக்கும் காலத்தில் இவ்வளவு பேர் காசு கொடுத்துத் தட்டு வாங்குவதற்கு ஒலித்தரத்தைவிட இந்த உட்காரவைக்கும் குணம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

காட்பாடிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மலிவான சூட்கேஸ் பிளேயர் பலவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். நல்ல டர்ன்டேபிளில் முள் ஒன்றரை, இரண்டு கிராம் எடையில் தடத்தைத் தொடும், இவற்றில் ஐந்து கிராம்கூட இருக்கும், தடம் சீக்கிரம் தேயும். புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்துக் கேட்டால் தட்டின் ஒலி டிஜிட்டலாகிச் சுருங்கித்தான் காற்றில் போகிறது. புதுத் தட்டு 2,000, 3,000 ரூபாய் விற்கும்போது, பிளேயருக்குக் கொஞ்சம் பொறுத்திருந்து எடையைச் சரிசெய்யும் வசதியுள்ளதாக வாங்குங்கள். தாத்தா வீட்டு அரக்குத் தட்டை எல்.பி. முள்ளில் போட வேண்டாம். அதன் தடம் அகலம், எல்.பி. முள் அடியில் போய்க் குப்பையைத்தான் கிளறும். 78-க்கென்று தனி முள் உண்டு.

அப்புறம் நம்ம ஊர் வெயில். தட்டுக்கு வேலூரைவிடக் கொடுமையான ஊர் தேடினாலும் கிடைக்காது. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 42, 43 டிகிரி என்றால், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி அறையிலும் வெயிலில் நிறுத்திய காரிலும் அதைவிடப் பல டிகிரி ஏறும். அந்தச் சூட்டில் வினைல் இளகி வளையும். படுக்கைவாக்கில் அடுக்கியிருந்தால் மேல் தட்டுகளின் கனமும் சேர்ந்து, எடுக்கும்போது கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். தட்டைக் கீழ் வீட்டில், மேற்குச் சுவர் சூடு படாத இடத்தில், புத்தகம் போல நேராக நிறுத்திவையுங்கள். போர் தண்ணீரில் கழுவாதீர்கள். பாலாற்றுப் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது, காய்ந்ததும் உப்பு தடத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் மெல்லிய துணியும் போதும். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது, அரக்கு அதில் கரையும்.

வீட்டில் இப்படிப் பழைய தட்டுகள் இருந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் ஒருமுறை கணினியில் ஏற்றிவிடுங்கள். நல்ல முள், ஃபோனோ பகுதி, 24 பிட் தரம். இரைச்சலை நீக்காத கோப்பை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, சுத்தம் செய்வதை வேறொரு நகலில் செய்யுங்கள். லேபிளின் இரண்டு பக்கத்தையும், உறையில் இருக்கும் கடை ஸ்டாம்பையும் சேர்த்துப் படமெடுத்துக் கோப்போடு வையுங்கள். எந்த ஊர்த் திருவிழாவில் எந்தப் பாட்டு ஓடியது என்பதற்கு அந்த ஸ்டாம்பைத் தவிர வேறு பதிவு பெரும்பாலும் இல்லை.